படிக்கட்டு அளந்த உழைப்பு

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் பெரிதும் உணவின் அளவைப் பேசுவது. அதன் முதற் குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், உணவோடு செயலையும் சேர்த்து, இரண்டுக்கும் அளவு வேண்டும் எனப் பொருள் விரித்தார். உண்ணும் அளவை நம் வீட்டுப் படியும் ஆழாக்கும் காட்டிவிடும். உழைக்கும் அளவை எதனால் அளப்பது? அதற்கு லண்டன் மாநகரப் பேருந்தின் படிக்கட்டு விடை தந்த வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் மாரடைப்பு பெருகி வந்தது. தொழிலுக்கும் அந்நோய்க்கும் தொடர்புண்டா என ஆராய முற்பட்டார் மருத்துவர் ஜெர்ரி மாரிஸ். லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகள் அவர் கண்ணிற் பட்டன. ஒரே வண்டி, அதில் இருவர் பணி. ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்தே இருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்க நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். 35 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ 31,000 போக்குவரத்து ஊழியரை ஆராய்ந்த முடிவுகள் 1953ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வெளிவந்தன. நடத்துநரிடையே மாரடைப்பு குறைவு, வந்தாலும் பிந்திய வயதிலேயே வந்தது, உயிரிழப்பும் குறைவு.

ஆயினும் ஓர் ஐயம் எழுந்தது. பருத்தவர்களே ஓட்டுநர் பணியை நாடினார்களோ? மாரிஸ் குழுவினர் ஊழியர்களின் சீருடை அளவுகளை ஆராய்ந்து 1956இல் வெளியிட்டனர். ஓட்டுநரின் இடுப்பளவு இளவயதிலேயே பெரிதாக இருந்தது. எனவே படிக்கட்டுச் சான்று மட்டும் போதாதென்று உணர்ந்த அவர், மேசைப் பணி புரியும் அரசு ஊழியர்பால் திரும்பினார். ஏறத்தாழ 18,000 பேரைத் தொடர்ந்து கண்டு 1980இல் வெளியிட்ட முடிவு தெளிவானது: ஓய்வு நேரத்தில் முனைப்பாக உடற்பயிற்சி செய்தவர்க்கு மாரடைப்பு, செய்யாதவர்க்கு வந்ததில் பாதிக்கும் குறைவு.

லண்டன் செய்தி நமக்கெதற்கு என்பாருமுளர். நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. மேற்கு வங்கச் சணல் ஆலையொன்றில் 213 தொழிலாளரை ஆராய்ந்து ழான் மேயரும் துணைவர்களும் 1956இல் கட்டுரை வெளியிட்டனர். உழைப்போரிடையே உழைப்பு ஏற ஏற உணவும் ஏறியது. அமர்ந்தே இருந்தவரோ குறைத்து உண்ணவில்லை, மிகுத்தே உண்டனர், எடையும் மிகுந்தனர். உழைப்பு மிகக் குறைந்தவிடத்துப் பசி தன் அளவை இழந்துவிடுகிறது என்பதே இதன் பாடம்.

ஊர் பெயர்ந்து வந்த நம் குடும்பங்களுக்கு இஃது அயலார் கதையன்று. நம் முன்னோர் பலர் தட்டச்சுப் பொறியின் முன்னும் கணக்கேட்டின் முன்னும் அமரவே இந்நகரங்களுக்கு வந்தனர். ஊர்ச்சோற்றின் அளவைக் கொண்டு வந்தோம். வரப்பையும் கிணற்றடியையும் அங்கேயே விட்டு வந்தோம். விட்டு வந்த உழைப்பைத் திட்டமிட்டே மீட்டாக வேண்டும்.

திட்டம் எளிதே. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறிப்படி, வளர்ந்தவர்க்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி வேண்டும். இரு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் விரைந்து நடப்பின் முதற்பகுதி நிறைவேறும். பேச இயலவேண்டும், பாட இயலாதிருக்கவேண்டும். அதுவே மிதமான வேகம். சுமையைச் சிறிதுசிறிதாகவே கூட்டவேண்டும். காயமுற்ற போர்வீரரைத் தேற்றிய அமெரிக்க மருத்துவர் தாமஸ் டிலோர்ம் 1945இல் எழுதிய நெறியும் அதுவே. இடையிடையே ஓய்வும் இன்றியமையாதது. இதய நோயுடையார் மருத்துவரைக் கேட்டே தொடங்குதல் நன்று.

மாரிஸ் பிறர்க்குச் சொன்னதோடு நில்லாது தாமும் ஓடினார்; நீந்தினார். 1910இல் பிறந்த அவர், 2009இல் தம் 99ஆம் வயதில் மறைந்தார். நம் அடுக்கு வீடுகளில் மின்தூக்கி உண்டு. அருகிலேயே படிக்கட்டும் உண்டு. அரிசியை அளந்த படியை நாம் அறிவோம். உழைப்பை அளக்கும் படியையும் இனி நாள்தோறும் மிதித்தறிவோமாக.