மதிலுக்குள் மூன்று நிலங்கள்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், திஜோன் நகருக்குத் தெற்கே, க்ளோ த வூஜோ என்றொரு திராட்சைத் தோட்டம் உண்டு. பரப்பு ஏறத்தாழ 50 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் 125. சுற்றிலும் கல்மதில். உள்ளே விளைவது பினோ நுவார் என்னும் கருந்திராட்சை. புட்டிகள் தாங்குவதும் ஒரே பெயர். ஆயினும் ஒரு புட்டியின் மது மற்றொன்றைப் போல் இருப்பதில்லை. காரணம் அறிய மண்ணையும் தோண்டவேண்டும், வரலாற்றையும் தோண்டவேண்டும்.

1098இல் சீத்தோவில் மடம் நிறுவிய சிஸ்டெர்சியன் துறவியர், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இங்கே துண்டு துண்டாக நிலம் சேர்த்தனர். 14ஆம் நூற்றாண்டில் மதில் முழுமையுற்றது. மண்ணை நாவில் வைத்துச் சுவைத்தே அவர்கள் நிலத்தைத் தரம் பிரித்தார்கள் என்று கதை வழங்குகிறது. கதை கிடக்கட்டும். தலைமுறை தலைமுறையாக ஒரே சரிவில் கொடி வளர்த்தவர்களுக்கு மண்ணின் வேறுபாடு புலப்படாமல் இருந்திராது.

சரிவு கிழக்கு நோக்கியது. உச்சியில் மண் மெல்லிய போர்வை, அடியில் சுண்ணாம்புப் பாறை, மழைநீர் தங்காது. நடுவில் களியும் சரளையும் கலந்த மண். கீழே, சாலையோரம், ஆழமான களிமண். ஈரம் எளிதில் வடியாது. பாறையின் சுவை வேர்வழியே ஏறி மதுவில் இறங்குகிறது என்பது கவித்துவமான கூற்று, உண்மையன்று. மண் முதன்மையாகச் செய்வது நீரை அளந்து கொடுப்பதே. அளவோடு தாகமுற்ற கொடியில் கனி சிறுத்து, நிறமும் செறிவும் கூடும். நீர் மிகுந்தால் கனி பருத்துச் சாறு நீர்த்துவிடும்.

துறவியர் மூன்று நிலத்துப் பழங்களையும் கலந்தே மது செய்தனர் என்பது மரபுச் செய்தி. பிரெஞ்சுப் புரட்சியில் மடத்தின் சொத்துகள் பறிமுதலாகி விற்கப்பட்டன. அதன் பின்னும் தோட்டம் 1889 வரை பிளவுபடவில்லை. அவ்வாண்டில் பலருக்கு விற்கப்பட்டு, பின்னர் வாரிசுரிமையால் மேலும் துண்டாடப்பட்டு, இன்று ஏறத்தாழ எண்பது உடைமையாளர்களிடம் கிடக்கிறது. சிலருக்குச் சில வரிசைக் கொடிகளே சொந்தம். ஒருவர் பங்கு உச்சியில், மற்றவர் பங்கு களிமண்ணில். 1937இல் சட்டம் மதிலையே எல்லையாகக் கொண்டு, உள்ளிருந்த நிலம் முழுமைக்கும் 'கிராண்ட் க்ரூ' என்னும் உச்சத் தகுதியை வழங்கியது. இப்பகுதியில் சாலையையொட்டித் தாழ்ந்து கிடக்கும் நிலங்கள் பொதுவாக ஊர்ப்பெயரை மட்டுமே பெறுபவை. இங்கே அவற்றை உயர்த்தியது மண்ணன்று, மதில்.

பர்கண்டியில் தனிப்பெயர் பெற்ற நிலத்துண்டை 'க்ளிமா' என்பர். அத்தகைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று படித்த நமக்கு இக்கருத்து அந்நியமன்று. ஆனால் க்ளோ த வூஜோ வேறொன்றையும் சொல்கிறது. நிலம் தன் எல்லையைச் சரிவில் எழுதியது. மனிதன் தன் எல்லையைக் கல்லில் எழுதினான். இரண்டும் பொருந்தவில்லை. மூன்று நிலமும் சேர்ந்து ஈட்டிய புகழை இன்று ஒவ்வொரு துண்டும் தனித்தனியே சூடிக்கொள்கிறது. முழுத் தோட்டத்தின் மதுவையோ இன்று எவரும் செய்வதில்லை. பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.