தாம்பரமும் கிறிஸ்தவ இளைஞர் ஐக்கியங்களும்

தாம்பரம் சென்னையின் தெற்குப் புறநகர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் இங்கு இடம்பெயர்ந்தது. அதுமுதல், சொந்த ஊர்ச் சபையை விட்டு வந்த கிறிஸ்தவ இளைஞர்கள் தங்களுக்குரிய ஆராதனைச் சமூகத்தைத் தேடிக்கொள்ளும் இடமாகத் தாம்பரமும் சுற்றியுள்ள ஊர்களும் அமைந்தன. ஜெபம், வேத வாசிப்பு, பாடல் ஆகியவற்றுக்காகக் கூடும் சிறு குழு தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் 'ஐக்கியம்' எனப்படுகிறது. தென்னிந்திய சபை ஒன்றிப்பில் மாணவர், இளைஞர் அமைப்புகளுக்கு இருந்த பங்கை இப்பகுதியின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கலாம்.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தின் சீர்திருத்தச் சபைகள் மிஷன் எல்லைகளின்படி பிரிந்திருந்தன. திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் மிஷன்களும், நாகர்கோவில் பகுதியில் லண்டன் மிஷனும், மதுரையில் அமெரிக்க மிஷனும், தரங்கம்பாடி வழிவந்த பகுதிகளில் லுத்தரன் மிஷனும் பணியாற்றின. ஒருவர் எந்தச் சபையைச் சார்ந்தவர் என்பதைப் பெரும்பாலும் அவர் பிறந்த ஊரே தீர்மானித்தது. திருநெல்வேலிக்காரருக்கு ஜெபப்புத்தக ஒழுங்குப்படி நடக்கும் ஆராதனை பழக்கம். லண்டன் மிஷன் வழியில் வளர்ந்தவருக்குப் பிரசங்கத்தை மையமாகக் கொண்ட எளிய ஆராதனை பழக்கம்.

படிப்புக்காகச் சென்னை வந்த இளைஞர்கள் இப்பிரிவுகளைக் கடந்து முதன்முறையாக ஒன்றாகப் பழகினர். 1890-ல் சென்னையில் தொடங்கப்பட்ட ஒய்.எம்.சி.ஏ. அவர்கள் சந்திப்பதற்கான பொது இடமாயிற்று. வெள்ளாளன்விளையில் பிறந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா 1895-ல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளரானார். 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கமும் 1905-ல் தேசிய மிஷனரி சங்கமும் உருவானதில் அவருக்குப் பங்குண்டு. 1912-ல் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அதே ஆண்டில் இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கமும் தொடங்கியது.

1919-ல் தரங்கம்பாடியில் சபை ஒன்றிப்பு குறித்து நடந்த கூட்டத்தில் அசரியா முதன்மைப் பங்கு வகித்தார். கலந்துகொண்டவர்களில் மிகப்பெரும்பாலோர் இந்தியப் போதகர்கள். மேலைநாட்டுப் பிரிவினைகள் இந்தியக் கிறிஸ்தவர்கள்மீது சுமத்தப்பட்டவை என்று அக்கூட்டம் கருதியது. மாணவப் பருவத்திலும் ஒய்.எம்.சி.ஏ. பணியிலும் பிற பிரிவினருடன் பழகியிருந்த தலைமுறைக்கு இது புதிய எண்ணமல்ல.

தாம்பரம் வளாகம்

1837-ல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் செயல்பட்டு வந்தது. அங்கு இடம் போதவில்லை. மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரே வளாகத்தில் வாழும் கல்லூரியாக அதை மாற்றுவதற்குச் சேலையூர் காட்டுப்பகுதியில் நிலம் பெறப்பட்டது. 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதால் நகரத்துடன் தொடர்பு எளிதாகியிருந்தது.

புதிய வளாகத்தில் சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என மூன்று விடுதிகள் அமைந்தன. ஹீபர் ஹாலின் பெயர், 1826-ல் திருச்சியில் மறைந்த கல்கத்தா பேராயர் ரெஜினால்ட் ஹீபரைக் குறிப்பது. ஒவ்வொரு ஹாலும் தனி வார்டனும் உணவுக்கூடமும் கொண்ட தனிச் சமூகமாக இயங்கியது. வெவ்வேறு சபைகளைச் சார்ந்த மாணவர்கள் ஒரே உணவுக்கூடத்தில் உண்டனர், ஒரே இடத்தில் ஜெபித்தனர். இந்து, முஸ்லிம் மாணவர்களும் உடன் தங்கியிருந்தனர். ஊர்ச்சபையில் உறவும் சாதியும் ஊரும் பின்னிக் கிடந்தன. இங்கே நட்பே கூடுகையின் அடிப்படையாக இருந்தது.

1938 தாம்பரம் மாநாடு

1938 டிசம்பர் 12 முதல் 29 வரை அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு இவ்வளாகத்தில் நடந்தது. முதலில் சீனாவில் நடத்தத் திட்டமிடப்பட்டிருந்த மாநாடு, ஜப்பானுடனான போர் காரணமாகத் தாம்பரத்துக்கு மாற்றப்பட்டது. 69 நாடுகளிலிருந்து 471 பிரதிநிதிகள் வந்தனர். உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஜான் ஆர். மாட் தலைமை வகித்தார். ஆசிய, ஆப்பிரிக்கச் சபைகளின் குரல் வலுவாக ஒலித்த மாநாடு இது. உலகக் கிறிஸ்தவ வரலாற்றில் 'தாம்பரம்' என்ற சொல் இன்றும் இம்மாநாட்டையே குறிக்கிறது.

விவாதங்கள்

மாநாட்டுக்காக ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய நூல் கிறிஸ்தவ வெளிப்பாட்டுக்கும் பிற மதங்களுக்கும் தொடர்ச்சி இல்லை என்றது. கல்லூரியின் முதல்வராக இருந்த ஏ.ஜி. ஹாக் அதை மறுத்தார். பிற மதத்தவரின் நம்பிக்கைக்குள்ளும் மெய்யான இறையனுபவம் உண்டு என்பது அவர் தரப்பு.

அதே ஆண்டில் பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் எழுதிய 'ரீதிங்கிங் கிறிஸ்டியானிட்டி இன் இந்தியா' என்னும் ஆங்கிலத் தொகுப்பு சென்னையில் வெளிவந்தது. செஞ்சையாவும் சக்கரையும் கிறிஸ்தவக் கல்லூரியின் பழைய மாணவர்கள். மேலைநாட்டு அமைப்பாக நிறுவப்பட்ட சபை இந்தியனின் ஆன்மிகத் தேடலுக்குப் பொருந்துகிறதா என்று செஞ்சையா கேட்டார். ஆசிரமம் போன்ற நெகிழ்வான கூட்டு வாழ்வை அவர் ஆதரித்தார். அதற்கு ஒரு முன்னுதாரணம் ஏற்கனவே இருந்தது. எஸ். ஏசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் 1921-ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியிருந்தனர்.

தென்னிந்திய திருச்சபையும் அதற்குப் பின்னும்

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்திய திருச்சபை தொடங்கப்பட்டது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை அதில் இணைந்தன. லுத்தரன், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள் இணையவில்லை. 1950-ல் வெளிவந்த திருவிருந்து ஒழுங்கில் போதகர் மக்களை நோக்கி நின்றார். சபையார் ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சமாதானம் பகிர்ந்தனர். ஒருவரையொருவர் அறியாதவர்கள் கூடும் நகரச் சபைகளில் இச்செயலுக்குத் தனிப்பொருள் இருந்தது.

ஒன்றிப்பு சபை நிர்வாகத்தை இணைத்தது. புதிதாக வந்த இளைஞருக்குத் துணை தேடித் தரும் வேலையைப் பெரும்பாலும் மாணவர் அமைப்புகளே செய்தன. 1954-ல் உருவான யூ.இ.எஸ்.ஐ. மாணவர்களுக்கு இ.யூ. என்ற குழுக்களையும், பட்டம் பெற்றவர்களுக்கு இ.ஜி.எஃப். என்ற குழுக்களையும் அமைத்தது. இவை சபைகள் அல்ல. ஞானஸ்நானமோ திருவிருந்தோ வழங்குவதில்லை. உறுப்பினர்கள் ஏதேனும் ஒரு சபையில் இருக்க வேண்டும் என்பதே இவற்றின் நிலைப்பாடு.

1924-ல் இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் பின்னாளில் தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டது. இதன் ஊழியர்கள் திருமணம் செய்யாமல் 'விசுவாச வீடு' எனப்படும் இல்லங்களில் கூட்டாக வாழ்கிறார்கள்.

புறநகர் வளர்ச்சி

1984-ல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலம், வண்டலூர் முதல் காட்டாங்கொளத்தூர் வரை எழுந்த கல்லூரிகள், பின்னர் வந்த மென்பொருள் நிறுவனங்கள் ஆகியவற்றால் இப்பகுதியில் அறை எடுத்துத் தங்கும் இளைஞர்கள் பெருகினர். 2002-ல் கத்தோலிக்கர்களுக்குச் செங்கல்பட்டு மறைமாவட்டம் உருவாகி, தாம்பரம் அதன் எல்லைக்குள் வந்தது.

விடுதி வாழ்வு முடியும்போது மாணவர் ஐக்கியமும் முடிந்துவிடுகிறது. இளைஞர் சபை மாறுவது இக்கட்டத்தில்தான். ஆனால் பெயர் ஊர்ச்சபையின் பதிவேட்டில்தான் இருக்கும். அங்கே பெற்றோர் சந்தா கட்டுகிறார்கள். திருமண ஓலை அங்கே வாசிக்கப்படுகிறது. குடும்பக் கல்லறையும் அங்கேதான். ஆகவே பலர் இரட்டை வாழ்வு வாழ்கிறார்கள். ஊரில் அசனத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் செல்லும் ஒருவர், தாம்பரத்தில் வாரந்தோறும் வேறொரு பிரிவின் ஆராதனையில் கலந்துகொள்கிறார். வடகிழக்கு மாநில மாணவர்களும் மலையாளிகளும் தங்கள் மொழியிலேயே கூடுகிறார்கள்.

சேகரத்தின் வாலிபர் ஐக்கியம் பெரும்பாலும் அங்கேயே பிறந்து, ஞாயிறு பள்ளியிலும் திடப்படுத்தலிலும் ஒன்றாக வளர்ந்தவர்களால் ஆனது. வேலைக்காக வந்த இருபத்தைந்து வயதினர் அதற்குள் நுழைவது எளிதல்ல. பாடகர் குழுவில் இடமோ, ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்போ, ஆராதனைக்குப் பின் ஒரு வீட்டில் உணவோ கிடைத்தால் அவர் தங்கிவிடுகிறார். கிடைக்காதபோது வீட்டு ஜெபக்குழுக்களையோ பெரிய பெந்தெகொஸ்தே சபைகளையோ நாடுகிறார். இந்த இடப்பெயர்வை மரபுச் சபைகள் கொள்கைப் பிறழ்வாகப் பார்ப்பதுண்டு. இளைஞர்களின் தரப்பில் அது பெரும்பாலும் தனிமையிலிருந்து வெளியேறும் வழியாகவே இருந்திருக்கிறது.

வரலாற்று இடம்

அசரியாவின் தலைமுறை மாணவப் பருவத்தில் கண்ட நட்பைச் சபையின் அமைப்பாக மாற்ற முயன்றது. தென்னிந்திய திருச்சபை அதன் விளைவு. ஆனால் விடுதியின் உணவுக்கூடம் இயல்பாக அளித்த கூட்டு வாழ்வை அமைப்பு தானாக அளித்துவிடவில்லை. செஞ்சையா 1938-ல் எழுப்பிய கேள்வி இறையியல் சார்ந்தது. தாம்பரம் புறநகரில் அறை எடுத்துத் தங்கும் இளைஞர்களிடம் அது அன்றாட வாழ்வின் கேள்வியாக நீடிக்கிறது.