ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம்

ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம், மத்தியப் பிரதேச அரசு நடுநிலைப் பள்ளிகளில் 1972 முதல் 2002 வரை நடந்த பாடத்திட்டச் சீர்திருத்தமாகும். கிஷோர் பாரதி, ரசூலியாவிலிருந்த ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய இரு தன்னார்வ அமைப்புகள் இதை 16 பள்ளிகளில் தொடங்கின. 1978இல் ஹோஷங்காபாத் மாவட்டம் முழுவதும் பரவிய திட்டத்தை 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு ஏற்று நடத்தியது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், தில்லிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிவியலாளர்கள் இதற்குத் துணைநின்றார்கள். 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான ‘பால் வைஞானிக்’ பாடநூல் விடைகளை முன்கூட்டியே சொல்லிவிடவில்லை. பிள்ளைகள் சிறு குழுக்களாகச் சோதனை செய்து, கண்டதை எழுதி, விவாதித்து முடிவுக்கு வர வேண்டியிருந்தது. சோதனை வழிக் கல்வியை வேறு பல திட்டங்களும் பேசியிருக்கின்றன. ஆனால் இத்திட்டம் தேர்விலும் கைவைத்தது. மாணவர்கள் நூலையும் குறிப்பேட்டையும் பார்த்தே விடை எழுத முடிந்தது. செய்முறைத் தேர்வும் இருந்தது. எல்லாருக்கும் அறிவியல் என்ற நோக்கம் வகுப்பறைக்குள் நுழைய இதுவே வழிவிட்டது. வினாத்தாள் மனப்பாடத்தைக் கேட்கும் வரை, எந்த ஆசிரியரும் பாடவேளையைச் சோதனைக்குச் செலவிடத் துணியமாட்டார்.

கிராமப் பள்ளிக்கு ஆய்வகமும் பட்டதாரி ஆசிரியரும் எங்கே என்பது இத்திட்டத்தின் மீதான முதல் ஆட்சேபம். ஆனால் உள்ளூரில் கிடைக்கும் பொருள்களும் எளிய கருவிப் பெட்டியும் கொண்டே சோதனைகள் நடந்தன. சாதாரண அரசுப் பள்ளி ஆசிரியர்களே கோடைப் பயிற்சியிலும் மாதாந்திரக் கூட்டங்களிலும் கலந்துகொண்டு பாடம் நடத்தினார்கள். அணுவையும் மின்னணுவையும் ஒரு குழந்தை தானாகக் கண்டுபிடிக்க முடியுமா என்பது இரண்டாவது ஆட்சேபம், இதைவிட வலுவானது. முடியாதுதான். சில கருத்துகளை ஆசிரியர் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அளக்கவும் ஒப்பிடவும் சான்று கேட்கவும் பழகிய பிள்ளைக்கே அப்படிச் சொல்லப்படும் கருத்து பிடிபடும். விஞ்ஞானியாகப் போகும் சிலருக்கு மட்டுமன்றி, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வயலுக்குத் திரும்புபவருக்கும் அந்தப் பழக்கம் தேவை.

ஏறத்தாழ 1000 பள்ளிகளில் நடந்துகொண்டிருந்த திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. மாநிலம் முழுவதும் ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்பதும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி குறைகிறது என்பதும் எதிர்ப்பாளர்களின் வாதங்கள். மனப்பாடத்தை அளக்கும் பொதுத்தேர்வை வைத்துச் சிந்திக்கப் பழக்கிய கல்வியை எடைபோட்டது தவறு. மனப்பாடத்திலிருந்து கற்றலை விடுவிக்க வேண்டும், தேர்வுமுறை நெகிழ வேண்டும் என்று மூன்றே ஆண்டுகளில், 2005இல், தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு நாட்டுக்கே பரிந்துரைத்தது.