சிவனொளிபாதத்துச் சங்கிலிகள்

மலையுச்சியிலிருந்து ரொக்கெட்டை ஏவினால் எரிபொருள் மிச்சமாகாதா என்பது, இத்தொடர் வெளிவரத் தொடங்கிய நாள் முதலாகத் தோட்டப்புறத்து வாசகர்கள் ஓயாமல் எழுதிக் கேட்கும் வினா. வினா நியாயமானதே, விடைதான் சிறியது. சிவனொளிபாத மலையின் உயரம் 2,243 மீற்றர். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் உயரமோ ஏறத்தாழ 400 கிலோ மீற்றர். மலை தரும் அனுகூலம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அன்றியும், விண்கலத்துக்கு உயரத்தைக் காட்டிலும் வேகமே பிரதானம்: வினாடிக்கு ஏழரைக் கிலோ மீற்றருக்கும் அதிகமான வேகத்தில் பக்கவாட்டில் பாய்ந்தாலன்றி, அந்த உயரத்துக்கே தூக்கிக்கொண்டுபோய் விட்டாலும் அது திரும்ப விழுந்தே தீரும். எரிபொருளில் பெரும்பகுதி ஏறுவதற்காக அன்று, ஓடுவதற்காகவே செலவாகிறது.

எனினும், அந்த மலையிலிருந்தே விண்ணுக்கு வழி சமைத்த ஒரு மனிதர் உண்டு. ரொக்கெட்டால் அன்று, கயிற்றால். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் கொழும்பிலேயே காலஞ்சென்ற ஆர்தர் சி. கிளார்க், 1979இல் வெளியிட்ட ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ என்னும் நவீனத்தில், சிவனொளிபாதத்தை ஸ்ரீகந்த என்று பெயர் மாற்றி, அதன் சிகரத்தில் விண் மின்தூக்கியின் அடியை ஊன்றினார். அக்கற்பனைக்குக் கணக்கு வகுத்த 1975ஆம் ஆண்டின் ஆராய்ச்சியை இவ்வாரம் விவரிப்பதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தேன். அதற்குமுன் ஒரு சங்கிலியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை.

1344ஆம் ஆண்டு மாலைத்தீவிலிருந்து புறப்பட்டு இலங்கைக் கரையை அடைந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதாவை, இது கடற்கொள்ளைக் கப்பல்கள் வைத்திருக்கும் கொடுங்கோலனுடைய நாடு என்று மாலுமிகள் அச்சுறுத்தினார்கள். அந்தக் கொடுங்கோலன் வேறு யாருமல்லர், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியே. புத்தளத்தில் தங்கியிருந்த அம்மன்னரோ, பாரசீக மொழியிலேயே விருந்தினரோடு அளவளாவி, முத்துக்களை அள்ளிக் காட்டி, வேண்டுவது யாது என்று கேட்டார். ஆதம் பாதத்தைத் தரிசிப்பதொன்றே என் விருப்பம் என்று யாத்திரிகர் சொன்ன மாத்திரத்தில், சிவிகையும், அதைச் சுமக்கும் ஏவலரும், அப்பாதம் உள்ள சிவனொளிபாத மலைக்கு ஆண்டுதோறும் யாத்திரை போகும் யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், தம் பரிவாரத்தினர் பதின்மரும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்து அனுப்பினார். ஒரு முஸ்லிம் அறிஞர் ஆதி பிதாவின் பாதத்தை வணங்குவதற்கு ஒரு தமிழ் மன்னர் யோகியரைத் துணையாக அனுப்பிய இச்செய்தி நம் பாடப்புத்தகங்களில் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மாலுமிகளின் வசையை நான் பொருட்படுத்துவதாக இல்லை.

வழியில் அவர் கண்ட விந்தைகள் பல. இலைகளால் தலைப்பாகை கட்டிய குரங்கரசன் கதையை நம்புவது வாசகர் விருப்பம். ஆனால் நீர்நிலை ஓரத்துச் செடிகளிலிருந்து ஆள்மீது தாவி, பட்ட இடத்தில் குருதி பெருக்கும் அட்டையையும், அதன்மேல் பிழிவதற்கென்று மக்கள் ஆயத்தமாக வைத்திருந்த எலுமிச்சம்பழத்தையும் அவர் வருணிக்கும் இடத்தை, மழைக்காலத்தில் கொழுந்தெடுத்த எவரும் சாட்சி கையெழுத்திட்டு ஒப்புக்கொள்வர்.

அவர் சொல்லும் மலைப்பாதைகள் இரண்டு: ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி, அதாவது ஆதமும் ஏவாளும். மாமா வழி எளிது. அதனால் ஏறியவனை யாத்திரை செய்தவனாகவே எவரும் மதிப்பதில்லையாம். கடினமான பாபா வழியில், முன்னோர் பாறையைப் படிகளாகச் செதுக்கி, இரும்பு முளைகள் அறைந்து, பற்றி ஏறுவதற்குச் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தனர். அவை பத்து. அடிவாரத்து வாயிலருகே இரண்டு. பின் அடுத்தடுத்து ஏழு. பத்தாவதன் பெயர் கலிமாச் சங்கிலி. அதைப் பற்றி நின்று கீழே நோக்குபவன், விழுந்துவிடுவோமோ என்ற பீதியால் தன்னையறியாமல் இஸ்லாமிய விசுவாச வாக்கியமாகிய கலிமாவை ஓதிவிடுவான் என்பது பெயர்க்காரணம். தாம் ஏறியபோது மேகங்கள் தமக்குக் கீழே திரண்டு அடிவாரத்தை மறைத்தன என்றும் அவர் எழுதுகிறார். இச்சங்கிலிகளைப் பூட்டியவர் மகா அலெக்சாந்தரே என்று பிற்காலத்துப் பாரசீகக் கவிஞர் ஒருவர் பாடிவைத்தார். இத்தீவில் கால் வைத்தறியாத மாசிடோனியருக்கு அப்புகழைத் தூக்கிக் கொடுத்ததை நான் மன்னிப்பதற்கில்லை. பாறையில் தொங்கி முளை அறைந்த உள்ளூர்க் கொல்லனுக்குப் பெயரில்லாமற் போயிற்று.

சங்கிலி தொங்க வேண்டுமானால் மேலே ஒரு முளை வேண்டும். விண்ணிலிருந்து தொங்கும் கயிற்றுக்கு முளை எங்கே? பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோ மீற்றர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள், பூமி தன்னைத்தான் சுற்றும் அதே காலத்தில் ஒரு சுற்றை முடிப்பதால், நமக்கு அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். அவ்வுயரத்தில் மூன்று கோள்களை நிறுத்தினால் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945 ஒக்டோபரிலேயே எழுதியவரும் இதே கிளார்க்தான். அந்த இடமே முளை. அங்கிருந்து கயிற்றைக் கீழே இறக்கும்போது, எடை சமனாகும் பொருட்டு வெளிப்புறமாகவும் நீட்டிக்கொண்டே போக வேண்டும். கீழ்ப்பகுதியைப் பூமியின் ஆகர்ஷணம் இழுக்க, மேற்பகுதி சுழற்சியால் வெளியே வீசப்பட, இரண்டுக்கும் நடுவே கயிறு விறைத்து நிற்கும்.

இதை முதன்முதல் தெளிவாகச் சொன்னவர் லெனின்கிராட் நகரத்துப் பொறியியலாளர் யூரி அர்த்சுத்தானோவ். 1895இலேயே ரஷ்ய மேதை சியோல்கோவ்ஸ்கி விண்ணளாவிய கோபுரமொன்றை எண்ணிப் பார்த்ததுண்டு. ஆனால் அது கீழிருந்து எழும் கோபுரம், தன் பாரத்தாலேயே நொறுங்குவது. மேலிருந்து தொங்கவிடு என்று மாற்றிச் சிந்தித்தவர் அர்த்சுத்தானோவ். அதை அவர் ஓர் ஆராய்ச்சிச் சஞ்சிகையில் அல்ல, 1960 ஜூலை 31ஆம் திகதி, ‘கொம்சொமோல்ஸ்கயா பிராவ்தா’ என்னும் இளைஞர் பத்திரிகையின் பக்கத்தில் எழுதினார். மேல்நாட்டார் அதைக் கவனிக்கவில்லை; 1966இல் அமெரிக்கர் சிலர் தாமாகவே அதே கருத்தை மீண்டும் கண்டறிந்தனர். புகழ் கிளார்க்குக்குச் சேர்ந்தது; 2019 ஜனவரி முதல் நாள் மறைந்த அந்த ரஷ்யரையே இக்கதையின் நாயகர் என்று நான் கொள்கிறேன்.

இடையூறு கயிற்றின் எடையில் இருக்கிறது. நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் முகட்டிலிருந்து கொழுந்து மூட்டையைக் கம்பியில் கொளுவி ஸ்டோருக்கு இறக்கினார்கள் அல்லவா? அக்கம்பிக்கு மூட்டையே பாரம். கம்பி பல்லாயிரம் கிலோ மீற்றர் நீண்டாலோ மூட்டை அற்பமாகிவிடும். கம்பியே கம்பிக்குப் பாரம். நேராகத் தொங்கும் உருக்குக் கம்பி சில பத்துக் கிலோ மீற்றரிலேயே தன் எடை தாளாமல் அறுந்துபோகும். ஆதலால் இழுவிசை உச்சமாகும் முளையிடத்தில் தடித்தும், இரு முனைகளை நோக்கி மெலிந்தும் கயிறு அமைய வேண்டும். அதற்கும் உருக்கினால் ஆகாது.

முளை பூமத்திய ரேகைக்கு மேலே இருப்பதால் அடியும் அந்த ரேகையிலேயே அமைவது உத்தமம். நம் மலையோ ஏறக்குறைய ஏழு பாகை வடக்கே கிடக்கிறது. கிளார்க் தயங்கவில்லை: தீவையே 800 கிலோ மீற்றர் தெற்கே நகர்த்தினார், மலையின் உயரத்தை இரட்டிப்பாக்கினார், அப்படிச் செய்ததை நூலிலேயே ஒப்புக்கொண்டும் விட்டார். நவீனக்காரருக்கு இந்தச் சுதந்திரம் உண்டு. நான் குறை சொல்லேன்.

ஆனால் வரலாறு எழுதுபவன் ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டியவன். இலங்கையில் தொலைக்காட்சியே தொடங்காத 1975இல், இந்தியப் பொறியியலாளர் அமைத்துக் கொடுத்த வாங்கியின் வழியே, விண்கோள் அனுப்பிய படங்களைக் கிளார்க் தம் கொழும்பு வீட்டில் கண்டு களித்தார். அதற்கு ஓராண்டு முந்திய 1974இல், ரேஷன் அரிசியும் கோதுமை மாவும் சுருங்கி, தோட்டத்து லயங்களில் பட்டினியால் மரணம் பெருகியது. அப்பஞ்சத்துக்குப் பொறுப்பானவர்கள் இன்றுவரை போதுமான கண்டனத்தைப் பெறவில்லை.

அமெரிக்க விமானப்படையின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரிந்த ஜெரோம் பியர்சன், கயிற்றின் நீளம் 1,44,000 கிலோ மீற்றர் என்று 1975இல் கணக்கிட்ட விதத்துக்கு இவ்விதழில் இடமில்லை. அது அடுத்த வாரத்துக்கு. அதற்குள் ஒரு வேண்டுகோள்: கொழுந்துக் கம்பி ஓடிய தோட்டம், டிவிஷன், அதன் கம்பத்தடி இன்னும் நிற்கிறதா என்ற விவரம் ஆகியவற்றை உங்கள் வீட்டு முதியவர்களிடம் கேட்டு எழுதியனுப்புங்கள்.