எழுவாய் இல்லாத செய்தி

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டும், சிறையில் கிடந்த அறுநூற்றுக்கும் மேற்பட்ட தங்கள் ஆட்களை விடச் சொல்லியும் நெல்லைக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனார்கள். பெரும்பாலோர் தலித்துகள். புதிய தமிழகம், தமிழ் மாநில காங்கிரஸ், இடதுசாரிக் கட்சிகள் கூட நின்றன. கொக்கிரகுளத்தில் போலீஸ் அடித்த அடியில் ஜனங்கள் தாமிரபரணிக்குள் இறங்கி ஓடினார்கள். 17 பேர் செத்தார்கள். அதில் இரண்டு பேர் பெண்கள், ஒன்று கைக்குழந்தை.

இந்தச் சாவுக்குப் பத்திரிகைத் தமிழில் நிலைத்துப்போன சொல், 'ஆற்றில் மூழ்கி பலி'. எங்க பக்கத்துப் பேச்சில் கேட்டுப் பாருங்கள். "ஆத்துக்குள்ள அடிச்சுத் தள்ளிக் கொன்னானுவ" என்றுதான் வரும். இது வெறும் எழுத்து நடைக்கும் பேச்சு நடைக்கும் உள்ள வித்தியாசமில்லை. ஜனங்களின் வாக்கியத்தில் அடித்தவன் இருக்கிறான். பத்திரிகை வாக்கியத்தில் செத்தவன் மட்டும் இருக்கிறான். அவனும் தானாகவே மூழ்கிப்போகிறான்.

இத்தனைக்கும் அரசு அமைத்த நீதிபதி மோகன் கமிஷனே 17 பேரும் மூழ்கிச் செத்ததாகச் சொல்லவில்லை. 11 பேர் நீரில் மூழ்கியும் மற்ற 6 பேர் காயங்களாலும் இறந்தார்கள் என்றுதான் சொன்னது. ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படமும் ஊர் ஊராகப் போனது. அப்படியும் 'மூழ்கி' என்ற சொல் பதினேழு பேர் மேலும் ஒட்டிக்கொண்டது.

இது ஒருநாள் பிழையல்ல, பழக்கம். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீஸார் புகுந்து வீடுகளை உடைத்தார்கள், சாமான்களை நொறுக்கினார்கள். அடித்தது சீருடை போட்ட அரசு. ஆனால் அது 'ஜாதிக் கலவரம்' என்ற தலைப்புக்குள் அடங்கிப்போனது. 'கலவரம்' என்றால் இரண்டு பக்கமும் குற்றம். 'இரு தரப்பினர் மோதல்' என்றால் வீச்சரிவாளும் வெறுங்கையும் ஒன்று. 'கல்வீச்சு' முதல் வரியிலும் 'தடியடி' அடுத்த வரியிலும் வந்தால் தடிக்கு நியாயம் கிடைத்துவிடுகிறது. 'தாழ்த்தப்பட்டவர்' என்கிறார்களே, தாழ்த்தியவன் யார்? அங்கேயும் எழுவாய் இல்லை.

1942இல் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி' எளிய தமிழைத் டீக்கடை பெஞ்சுக்குக் கொண்டுவந்தது. 1957இல் 'தினமலர்' திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலிக்கு வந்தது. படிக்கத் தெரிந்தவர் வாசிக்க, தெரியாதவர் கேட்டார். ஆனால் நமக்குத் தனிக்குவளை வைத்த டீக்கடைகளும் இந்தப் பக்கத்தில் இருந்தன. அங்கே நின்றவனுக்கும் காதில் விழுந்தது அதே செய்திதான். தன்னைப் பற்றிய செய்தியை அடுத்தவன் சொல்லில் கேட்க வேண்டிய நிலை.

இதை நம் முன்னோர் அப்போதே கண்டுகொண்டார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன், இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக்கிப் 'பறையன்' நடத்தினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1920இல் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்தியில் 'மூக்நாயக்' கொண்டுவந்தார். நம்மை யார் எந்தச் சொல்லால் அழைப்பது என்பதே அன்றைக்கும் சண்டை. அந்தச் சண்டையில் சில சொற்கள் விழத்தான் செய்கின்றன. 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சேரிக்குக் காலனி என்று பெயர் மாற்றியபோதும் ஊர் ஊராகத்தான் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

மறுபடி மாஞ்சோலைக்கே வருவோம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தை, 2028 வரை தவணை இருந்தும், பாம்பே பர்மா கம்பெனி 2024இல் நிறுத்த முடிவெடுத்தது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்குக் கொடுத்ததன் பெயர் 'விருப்ப ஓய்வு'. யாருடைய விருப்பம்? "எங்கள மலைய விட்டு எறக்குதாவ" என்பதுதான் ஜனங்கள் பேச்சு. அதில் எழுவாய் இருக்கிறது.

ஜூலை 23 தோறும் ஆற்றில் பூப்போடப் போகிறோம். போஸ்டரும் துண்டறிக்கையும் அடிக்கிறோம். அவற்றிலாவது 'உயிர் நீத்தார்கள்', 'பலியானார்கள்' என்று எழுதாமல் இருப்போம். அடித்தார்கள், கொன்றார்கள் என்று எழுதுவோம். யார் என்பதையும் சேர்த்து.