கடவுச்சொல் கோப்பு

கடவுச்சொல் பாடத்தை நான் எம்.ஐ.டி.யிலிருந்துதான் தொடங்குவேன். ஒரே கணினியைப் பலர் பகிரும் சி.டி.எஸ்.எஸ். முறையை 1961இல் ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழு அங்கே இயக்கிக் காட்டியது. ஆளுக்கொரு கோப்புத் தொகுதி. அதற்குக் காவல் கடவுச்சொல். மறுவருடமே, ஒதுக்கிய நேரம் போதாத ஆய்வு மாணவர் ஆலன் ஷெர், துளை அட்டையில் கோரிக்கை வைத்துக் கடவுச்சொல் கோப்பையே அச்செடுத்துவிட்டார்! 1966இல் இன்னும் மோசம்: உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அந்தக் கோப்பே தெரிந்தது. எல்லாம் எழுதியபடியே கிடந்ததுதான் வினை. மாணவர்கள் இதை மறக்கவே கூடாது என்பேன். யூனிக்ஸ் இயங்குதளத்தில் கடவுச்சொல்லை உருமாற்றி மட்டுமே சேமிக்கும் வழியை ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இல் விளக்கினார்கள். இன்று பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் மேலாண்மைச் செயலிகளில், கடவுச்சொற்கள் கைபேசியிலேயே மறையாக்கப்பட்ட பிறகுதான் சர்வர் வழியாக அடுத்த கைபேசிக்குப் போகின்றன. அவற்றைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லை அந்தச் சர்வர் அறியாது.