அருவா எதுக்கு தம்பி?

சிலர் தபால்தலை சேர்ப்பாய்ங்க, சிலர் பழைய காசு சேர்ப்பாய்ங்க. நான் அருவா சேர்க்கிறேன். பதறாதீங்க மக்களே, நான் ரொம்ப சாது :-)

வீடு அவனியாபுரம். மெக்கானிக்கல் படிச்சிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி கோடு எழுதிப் பொழைக்கிற பெருங்கூட்டத்துல நானும் ஒருத்தன். வாரம் அஞ்சு நாள் கீபோர்டு, சனி ஞாயிறு ஊருக்குத் தெக்க இருக்குற எங்க தோட்டம். அங்க சீமைக்கருவேலம் வெட்ட, வாழை கழிக்க, தேங்காய் சீவ, ஆட்டுக்குக் கொழை ஒடிக்க வாங்க ஆரம்பிச்சது இப்ப ஏழு உருப்படி ஆகிருச்சு. வெட்டரிவாள் ரெண்டு, கருக்கரிவாள் ஒண்ணு, பாளை சீவுற அரிவாள் ஒண்ணு, தொரட்டி ஒண்ணு, தேங்காய்க்குன்னு கனமா அடிச்சது ஒண்ணு, விறகுக்கு ஒண்ணு. எல்லாமே வேலை செய்யுது. ஆணில மாட்டி அழகு பார்க்குறது எதுவும் கிடையாது.

இதுல முக்காவாசி திருப்பாச்சேத்தில அடிச்சது. மதுரைல இருந்து ராமேஸ்வரம் ரோட்டுல போனா சிலைமான், கீழடி விலக்கு, திருப்புவனம் தாண்டி வர்ற ஊர். சிவகங்கை மாவட்டம். வெளியூர்க்காரங்களுக்கு இந்த ஊர் தெரியும்னா அது பெரும்பாலும் 2005 பொங்கலுக்கு வந்த பேரரசு - விஜய் கூட்டணியோட 'திருப்பாச்சி' படத்தால. படத்துல ஹீரோ அரிவாள் அடிக்கிறவர். ஆனா படம் பார்த்தவங்க மனசுல நின்னது உலை இல்ல, வெட்டுக்குத்துதான். அதுதான் இந்த ஊரோட வரலாறே. கருவி செய்வாங்க, பேரு ஆயுதத்துக்குப் போகும்.

முதல் தடவ அங்க ஒரு பட்டறைல போய் "அண்ணே, ஒரு அருவா வேணும்"னேன். அவர் விலை சொல்லல. "எதுக்கு தம்பி?"ன்னாரு. என்னடா இது, போலீஸ் மாதிரி கேக்குறாருன்னு தோணுச்சு. அவரே விளக்கினாரு. முள்ளு வெட்டவா, தென்னை மட்டைக்கா, வீட்டுல கறி வெட்டவா? வேலையச் சொன்னாத்தான் வளைவு, கனம், பதம் மூணையும் முடிவு பண்ண முடியுமாம்.

அந்த 'பதம்'தான் சூட்சுமம். காலேஜ்ல மெட்டலர்ஜி வகுப்புல தூங்கின என்னை மாதிரி ஆளுங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். மூலப்பொருள் பெரும்பாலும் பழைய லாரி பட்டா. லாரிக்கு அடியில வில்லு மாதிரி வளைஞ்சு அடுக்கடுக்கா இருக்குமே, அது. ஏறக்குறைய அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல கார்பன் இருக்குற ஸ்பிரிங் எஃகு. காய்ச்சி, அடிச்சு, வடிவம் வந்ததும் திரும்ப நல்லா சிவக்கச் சூடேத்தி, வாய்ப்பக்கத்த மட்டும் தண்ணியில முக்குவாங்க. வாய் கெட்டியாகும், முதுகு அடி தாங்குற அளவுக்கு மெதுவா இருக்கும். ஆனா முக்கின உடனே வாய் கண்ணாடி மாதிரி, தட்டினா சில்லு போயிரும். முதுகுல மிச்சம் இருக்குற சூடு மெல்ல வாய்க்கு இறங்கும். அப்ப இரும்பு மேல நிறம் ஓடும். வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் ஊதா, நீலம். இது சுமார் 220 டிகிரில ஆரம்பிச்சு 300 டிகிரிக்குள்ள நடக்குற கூத்து. சீவுற வேலைக்கு ஒரு நிறத்துல நிறுத்தணும், ஓங்கி வெட்டுற வேலைக்கு இன்னொரு நிறத்துல நிறுத்தணும். அவர்கிட்ட தெர்மாமீட்டர் கிடையாது, கண்ணுதான். அமெரிக்கால கையால கத்தி அடிக்கிறவங்க பெரிய வெட்டுக்கத்திக்கு விரும்பி எடுக்குற 5160ங்கிற எஃகும் இதே ஸ்பிரிங் எஃகு சாதிதான். நேபாளத்து குக்ரிலயும் வண்டிப் பட்டா உண்டு.

ஆக, "எதுக்கு?"ங்கிறது தொழில் கேள்வி. அது தெரியாம பதம் போட முடியாது.

இந்தக் கேள்விய இன்னொரு தரப்பும் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு வருது. அதச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

இரும்பு நமக்குப் புதுசில்ல. 2025 ஜனவரில தமிழக அரசு வெளியிட்ட தொல்லியல் அறிக்கை, சிவகளைல இரும்பு கிடைச்ச இடத்து மாதிரிகளுக்கு கி.மு. 3345 வரைக்கும் காலம் சொல்லுது. கொடுமணல்ல உருக்கு செஞ்ச மூசைகள், உலைகள் கிடைச்சிருக்கு. இப்படிப்பட்ட நாட்டுல ஆயுதம் எது, கருவி எதுன்னு கோடு போட்டு, அதுக்குச் சட்டமும் தண்டனையும் வச்ச ஒரு பெரிய சம்பவம் 1801ல நடந்துச்சு. அக்டோபர் 24ஆம் தேதி மருது சகோதரர்கள திருப்பத்தூர்ல தூக்குல போட்டாங்க. டிசம்பர் 1ஆம் தேதி மெட்ராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். பாளையக்காரங்களோட கோட்டைகள் இடிபடணும், ஜனங்க ஆயுதங்கள ஒப்படைக்கணும். சிவகங்கைச் சீமையே நிராயுதபாணி ஆச்சு.

இங்கதான் வளரிய நினைச்சுக்கணும். எறிஞ்சு அடிக்கிற வளைஞ்ச தடி. மரத்துலயும் இருக்கும், இரும்புலயும் இருக்கும். சண்டைக்கும் ஆகும், முயல் வேட்டைக்கும் ஆகும். சின்ன மருதுதான் தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் சொல்லிக்கொடுத்தார்னு கம்பெனி படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830ல வந்த தன்னோட நினைவுக்குறிப்புல எழுதியிருக்கார். (எந்த மருதுகிட்ட கத்துக்கிட்டாரோ அதே மருதுவுக்கு எதிராவே 1801ல சண்டை போட்டார்ங்கிறது தனிக் கொடுமை.) 1909ல எட்கர் தர்ஸ்டனோட தொகுதிகள் வந்தப்ப, வளரி மெட்ராஸ் மியூசியத்துக்குள்ள போயிருந்துச்சு. இன்னிக்கு மதுரைக்காரன்ல எத்தன பேரு வளரிய கையால தொட்டிருப்போம்?

அரிவாள் மட்டும் எப்படித் தப்பிச்சது? என்னோட கணிப்பு இது. வளரி இல்லாம வெள்ளாமை நடக்கும், அரிவாள் இல்லாம நடக்காது. நெல்ல அறுக்கணும், வேலி கட்டணும், பாளை சீவணும். வரி வேணும்னா அரிவாள விட்டுத்தான் ஆகணும்.

அப்புறம் 1857 கலகம் முடிஞ்சு 1860லயும் 1878லயும் ஆயுதச் சட்டங்கள் வந்துச்சு. சுதந்திரத்துக்குப் பிறகு 1959ல இப்ப இருக்குற சட்டம். அதுக்கான 1962 விதிகள்ல சுவாரசியமான ஒரு வரையறை உண்டு, 2016 விதிகள்லயும் அது தொடருது. அலகு 9 அங்குலத்துக்கு மேல நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருந்தா அது ஆயுதப் பட்டியல்ல சேரும். ஆனா வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் இதுக்காக வடிவமைச்சதுன்னா சேராது. என் வெட்டரிவாள அளந்து பார்த்தேன், தாராளமா 9 அங்குலத்தத் தாண்டுது. அத ஆயுதமாக்காம காப்பாத்துறது அந்த 'வடிவமைச்சது'ங்கிற ஒரு வார்த்தைதான். அதாவது, "எதுக்கு?"

2021 செப்டம்பர்ல அந்தக் கேள்வி நேரா பட்டறை வாசலுக்கே வந்துச்சு. தென் மாவட்டங்கள்ல தொடர்ச்சியா பழிக்குப் பழி கொலைகள். அப்ப டிஜிபியா இருந்த சைலேந்திர பாபு மாநிலம் முழுக்க ரெய்டு நடத்தச் சொன்னார். கத்தி, அரிவாள் செய்றவங்க, வாங்குறவங்க பேரு, முகவரி, போன் நம்பர் எழுதி வைக்கணும், எதுக்கு வாங்குறாங்கன்னு குறிக்கணும், அடையாளம் தெரியாதவங்களுக்கு விக்கக் கூடாது, கேமரா வைக்கணும்னு சொன்னாங்க.

இதுல போலீஸ் பக்க நியாயமும் எனக்குப் புரியுது. வெட்டுப்பட்டுச் செத்தவங்க வீட்டுல போய் "அது விவசாயக் கருவி"ன்னு நாம பாடம் நடத்த முடியாது. ஆனா ஒண்ணு யோசிங்க. கேள்வி அதேதான், அர்த்தம் தலைகீழா மாறிருச்சு. "எந்த வேலைக்கு?"ன்னு கேட்டவர் "என்ன செய்யப் போற?"ன்னு கேக்க வேண்டியதாச்சு. இரும்போட நிறத்தப் பார்த்து பதம் சொல்லத் தெரிஞ்சவருக்கு, ஆளோட முகத்தப் பார்த்து மனசச் சொல்லத் தெரியுமா? காசு குடுத்து வாங்குறவன் பொய் சொன்னா அதுக்கு அவர் என்ன பண்ணுவாரு?

இதே கதை உத்தரப்பிரதேசத்து ராம்பூர்லயும் நடந்துச்சு. ராம்புரி கத்திய இந்திப் பட வில்லன்கள் பேமஸ் ஆக்குனாங்க. 1990கள்ல நாலரை அங்குலத்துக்கு மேல அலகு கூடாதுன்னு தடை. தொழில் நொடிஞ்சுது. 2023 மார்ச்ல அதே ஊர்ல 20 அடி உயரத்துக்கு ராம்புரி கத்திச் சிலை திறந்தாங்க! கத்தி செய்றவங்க குறைஞ்ச பிறகு கத்திக்குச் சிலை. ஜெர்மனில சோலிங்கன் வேற வழி எடுத்துச்சு. அந்த ஊர்ல செய்யாத கத்தில 'சோலிங்கன்'னு பேரு போடக் கூடாதுன்னு 1938லயே சட்டம் போட்டுட்டாங்க. அங்க ஊர் பேரு தரத்துக்கு அடையாளம். நம்ம ஊர்ல அது பஞ்ச் டயலாக்.

என்கிட்ட இருக்குற ரெண்டு அருவால பட்டறைக்காரரோட முதலெழுத்து கொத்தியிருக்கு. அதுல ஒருத்தரோட பையன் ஐடிஐ முடிச்சிட்டு கோயம்புத்தூர்ல மெஷின் ஷாப்ல இருக்கான். "நல்ல சம்பளம் தம்பி, நெருப்புல நிக்க வேணாம், ஸ்டேஷனுக்கும் பதில் சொல்ல வேணாம்"னாரு. குறை சொல்ற தொனியே இல்ல. அவன் இடத்துல நான் இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன், செஞ்சுக்கிட்டும் இருக்கேன். ஆனா அந்த நிறம் பார்க்குற கண்ணு அவரோட முடிஞ்சிரும். அத எந்த மியூசியத்துலயும் வைக்க முடியாது.

என்னால சட்டத்த மாத்த முடியாது. வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு வாங்க முடியும். பேரு, முகவரி, போன் நம்பர் எல்லாம் நோட்டுல எழுதிட்டுத்தான் வாங்குறேன், அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீங்களும் தோட்டம் தொரவு வச்சிருந்தா, ஆன்லைன்ல வர்ற பளபளா சீனாக் கத்திய வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ அந்த ரோட்டுல போய்ப் பாருங்க. "எதுக்கு?"ன்னு கேப்பாங்க. கோவிச்சுக்காதீங்க. என்ன வெட்டணும், என்ன மரம், உங்க கை எவ்வளவு கனம் தாங்கும்னு விவரமாச் சொல்லுங்க. அவங்க கேக்க ஆசைப்படுற பதில் அதுதான்.